தொழிலாளர் சட்ட இணக்கச் சேவை: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

இந்தியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளிலும் பணியாளர்களைக் கொண்ட நடுத்தர மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பொறுப்பில் இருக்கிறேன். வேலையளிப்போருக்குத் தொழிலாளர் சட்டங்களை விளக்கி, அவற்றின்படி நடக்க உதவும் சந்தாச் சேவை ஒன்றை எங்கள் நிறுவனம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறது. சேவையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இதே அமைப்பில் பல சேவைகள் சந்தையில் இருப்பதால், இந்த வகைச் சேவையை வாங்க எண்ணுபவர் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதைச் சொல்வதே பயனுள்ளது என்று கருதுகிறேன்.

சேவை நான்கு பகுதிகளைக் கொண்டது: தாக்கல் செய்ய வேண்டிய படிவங்களையும் செலுத்த வேண்டிய தொகைகளையும் நினைவூட்டும் நாள்காட்டி, நாடுவாரியாகச் சட்டங்களை விளக்கும் நூலகம், ஒப்பந்தங்களுக்கும் கடிதங்களுக்குமான மாதிரிகள், தொழிலாளர் சட்ட வழக்கறிஞர்களிடம் நேரடியாகக் கேட்கக்கூடிய உதவி எண். விற்பனைக்கு வருபவர்கள் முதலில் காட்டுவது நாள்காட்டியைத்தான். எங்களுக்கு நீண்ட காலத்தில் உண்மையாகப் பயன்பட்டது உதவி எண்.

நாள்காட்டி தன் வேலையைச் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வருங்கால வைப்பு நிதிக்கான மாதாந்தரக் கெடு தவறுவதில்லை, ஆண்டறிக்கைகள் நேரத்தில் போய்ச் சேருகின்றன, டாஷ்போர்டு (நிலவரத்தைக் காட்டும் திரை) முழுவதும், எல்லாம் முடிந்தது என்று பச்சையாக இருக்கிறது. அந்தப் பச்சை நிறம் மேலாண்மைக் கூட்டங்களில் தரும் நிம்மதிதான் சிக்கல். தொழிலாளர் சட்டத்தின் பெரும்பகுதி தேதிகளால் இயங்குவதில்லை, நிகழ்வுகளால் இயங்குகிறது. பிரிட்டனில் 2020 ஏப்ரல் 6 முதல் பணி விவரங்களை எழுத்தில் தருவது பணியின் முதல் நாளிலேயே முடிந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் புதிதாகச் சேருபவருக்கு, பணியாளரின் உரிமைகளைச் சொல்லும் அரசு ஆவணமான ஃபேர் வொர்க் தகவல் அறிக்கையைக் கையளிக்க வேண்டும். இந்தியாவில் ஒரு பணியிடத்தில் பத்துப் பேர் சேர்ந்துவிட்டால், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி, புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அலுவலகங்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழு வேண்டும். அதில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும், பாதிக்குக் குறையாத பெண்களும் இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் மாதத்தின் 15-ஆம் தேதி என்று நாள்காட்டியில் குறித்து வைக்கத்தக்கது அல்ல.

சேவையை எங்கள் பேரோல் (சம்பளக் கணக்கு) மென்பொருளோடு இணைத்த பிறகு, ஆள் எண்ணிக்கை சட்ட வரம்பை நெருங்கும்போது எச்சரிக்கை வரும் வசதி கிடைத்தது. நல்ல வசதிதான் என்றாலும், அது பேரோலில் உள்ளவர்களை மட்டுமே எண்ணுகிறது. மேற்சொன்ன 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘பணியாளர்’ என்ற வரையறை, ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர், பயிற்சியாளர், ஊதியமின்றிப் பணியாற்றுபவர் எனப் பலரையும் உள்ளடக்கியது. ஆஸ்திரேலியாவில் 15 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனத்துக்குப் பணிநீக்க விதிகளில் சில சலுகைகள் உண்டு; அந்த 15-ஐக் கணக்கிடும்போது இணைந்த நிறுவனங்களின் பணியாளர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆஸ்திரேலியக் கிளையில் சிலரே இருப்பதால், மென்பொருள் அதைச் ‘சிறு நிறுவனம்’ என்று வகைப்படுத்தி வைத்திருந்தது. உதவி எண்ணில் பேசிய வழக்கறிஞர் தாய் நிறுவனத்தைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வியிலேயே அந்த வகைப்பாடு விழுந்துவிட்டது. எண்ணிக்கை வரம்புகளைப் பொறுத்தவரை யாரை எண்ண வேண்டும் என்பதே பாதிச் சட்டம். அதை இயந்திரம் இன்னும் கற்கவில்லை.

பணிநீக்கம் தொடர்பான கேள்விகளில்தான் உதவி எண்ணின் மதிப்பு முழுமையாகத் தெரிகிறது. ஒரு குழுத் தலைவர் வந்து, “இவர் வேலை சரியில்லை, இந்த மாதத்தோடு அனுப்பிவிடலாம்” என்பார். வழக்கறிஞரிடம் கொண்டுபோனால், வேலை எவ்வளவு மோசம் என்று அவர் கேட்பதில்லை. அந்தக் குறை எழுத்தில் சொல்லப்பட்டதா, திருத்திக்கொள்ளக் கால அவகாசம் தரப்பட்டதா, பதில் சொல்ல வாய்ப்பு தரப்பட்டதா என்றுதான் கேட்பார். மூன்று நாடுகளுக்கும் மூன்று தனிச் சட்டங்கள் இருந்தாலும், கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பது தொடக்கத்தில் வியப்பளித்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டின் 158-ஆம் உடன்படிக்கையைப் படித்தபோது அதற்கு விளக்கம் கிடைத்தது. நடத்தையையோ திறனையோ காரணமாகக் காட்டி ஒருவரை நீக்குவதற்கு முன், அவர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்பது அதில் உள்ளது. அந்த உடன்படிக்கையை ஏற்காத நாடுகளும் இதே நெறியைத் தத்தம் சட்டங்களிலும் தீர்ப்புகளிலும் ஏதோ ஒரு வடிவில் வைத்திருக்கின்றன. இந்தியாவில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, உள்விசாரணை என்று அது நடக்கிறது. பிரிட்டனில், பணித் தகராறுகளில் வழிகாட்டிச் சமரசம் செய்யும் பொது அமைப்பான ஏகாஸின் ஒழுங்கு நடவடிக்கை நெறிமுறையை நியாயமின்றி மீறிய வேலையளிப்போருக்கு எதிரான இழப்பீட்டைத் தீர்ப்பாயம் 25 விழுக்காடு வரை உயர்த்த முடியும்.

ஆனால் இந்த உதவி, பணிநீக்கக் கடிதம் கையைவிட்டுப் போவதற்கு முன்பு கேட்டால்தான் உதவி. நிறுவனங்களில் நடப்பது பெரும்பாலும் நேர்மாறானது. முடிவெடுப்பது துறைத் தலைவர், அறிவிப்பது தொலைபேசியில், மனிதவளப் பிரிவுக்கு வருவது மறுநாள், வழக்கறிஞரிடம் போவது எதிர்த்தரப்புக் கடிதம் வந்த பிறகு. அந்தக் கட்டத்தில் எவ்வளவு திறமையான சட்ட ஆலோசனையும் சேதத்தைக் குறைக்குமே ஒழிய, சட்டப்படி நடந்ததாக ஆக்காது. ஆகவே எங்கள் நிறுவனத்தில் ஒரு சிறிய உள்விதி வைத்தோம்: பணிநீக்கம், பதவி மாற்றம், சம்பளக் குறைப்பு ஆகியவை தொடர்பான எந்தக் கடிதமும் உதவி எண்ணில் பதிவான கேள்வியின் எண் இல்லாமல் வெளியே போகக் கூடாது. சேவை வழங்கும் நிறுவனம் இந்த யோசனையைத் தரவில்லை. அவர்களுக்கு அதில் வருமானமும் இல்லை. எனினும், சந்தாப் பணம் வீணாகாமல் இருந்ததற்கு அவர்களின் மென்பொருளின் எந்த வசதியையும் விட இந்த விதியே காரணம்.

அடுத்து, ஒப்பந்தப் பணியாளர் சிக்கல். மாதிரிகள் பகுதியில் ‘சுயாதீன ஆலோசகர் ஒப்பந்தம்’ என்று அழகாக எழுதப்பட்ட ஆவணம் ஒன்று இருக்கிறது. முழு நூலகத்திலும் மிகவும் ஆபத்தான ஆவணம் அதுதான் என்பது என் துணிபு. அதைத் தரவிறக்கிக் கையெழுத்து வாங்கிவிட்டால், அந்த ஆள் நம் பணியாளர் அல்லர் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2006-ஆம் ஆண்டின் 198-ஆம் பரிந்துரை, ஒப்பந்தத்தில் உறவுக்கு என்ன பெயர் வைக்கப்பட்டிருந்தாலும், வேலை நடக்கும் விதமும் ஊதியம் தரப்படும் விதமுமே உறவைத் தீர்மானிக்க வேண்டும் என்கிறது. ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள் என்று ஒப்பந்தம் சொன்னபோதும், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அவர்களைத் தொழிலாளர்கள் என்றே தீர்மானித்தது. ஆஸ்திரேலியாவில் நிலைமை இன்னும் சுவையானது. 2022-இல் அந்நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம், எழுத்து வடிவிலான முழு ஒப்பந்தம் இருந்தால் அதன் நிபந்தனைகளுக்கே முதன்மை தர வேண்டும் என்றது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 2024 ஆகஸ்டு 26 முதல் உறவின் நடைமுறை உண்மையைப் பார்க்க வேண்டும் என்று மாற்றிவிட்டது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகும் எங்கள் சேவையின் நூலகக் கட்டுரை சில காலம் பழைய தீர்ப்பிலேயே நின்றிருந்தது. உதவி எண்ணில் கேட்டபோதோ, சரியான பதில் உடனே வந்தது. நேர நிர்ணயம் யார் கையில், கருவிகள் யாருடையவை, அவர் தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப முடியுமா, பிற வாடிக்கையாளர்கள் உண்டா என்று வழக்கறிஞர் கேட்டுக்கொண்டே போனபோது, நாங்கள் ஆலோசகர் என்று அழைத்த ஒருவர் பணியாளர் என்பது எங்களுக்கே தெளிவாகிவிட்டது. அன்று முதல், நூலகத்தில் படிக்கும் எந்தக் கட்டுரையிலும் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியைப் பார்க்காமல் முடிவெடுப்பதில்லை.

இந்தியாவில் 29 தொழிலாளர் சட்டங்களுக்கு மாற்றாக நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது, சேவை மிகச் சிறப்பாக நடந்துகொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். சமூக ஊடகங்களில் அரைகுறைச் செய்திகள் பரவிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், சட்டப் பிரிவு நடைமுறைக்கு வருவதையும் அதற்கான விதிகள் அறிவிக்கப்படுவதையும் வேறு வேறாகக் காட்டும் அட்டவணை ஒன்றை அனுப்பினார்கள். ‘ஊதியம்’ என்பதன் புதிய வரையறையில், விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேரும் என்பதை எங்கள் சம்பள அமைப்பையே எடுத்துக்காட்டாக வைத்து விளக்கினார்கள். குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு என்பதும், விலகுபவருக்கோ நீக்கப்படுபவருக்கோ சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் தர வேண்டும் என்பதும் எங்கள் கணக்குப் பிரிவைத் திடுக்கிடச் செய்தன. கடைசிக் கணக்கைச் சாவகாசமாக முடிப்பதையே வழக்கமாகக் கொண்ட பிரிவுக்கு, மடிக்கணினி திரும்ப வந்ததா, முன்பணம் பாக்கி உண்டா, விடுப்பு எவ்வளவு மீதம் என்பதையெல்லாம் விலகும் நாளுக்கு முன்பே சரிபார்க்கும் நடைமுறையைப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. இந்த இடத்தில் சேவையின் சரிபார்ப்புப் பட்டியல் உண்மையிலேயே கைகொடுத்தது.

நாடு கடந்து வேலை செய்யும் குழுக்களில் எழும் நுட்பமான கேள்விகளுக்கும் விளக்கம் நன்றாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்த, வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையை, பணியாளரை அழைக்கவே கூடாது என்ற தடையாக எங்கள் இந்தியக் குழுத் தலைவர்கள் புரிந்துகொண்டு கலங்கினார்கள். சட்டம் அழைப்பதைத் தடுக்கவில்லை. மறுப்பு நியாயமற்றதாக இல்லாதவரை, பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையைத் தருகிறது. இந்த வேறுபாட்டை ஒரே பக்கத்தில், குழுத் தலைவர்களுக்கே நேரடியாக அனுப்பும்படி எழுதித் தந்தார்கள். அந்த ஒரு பக்கம், பயிற்சிக் காணொளிகள் அனைத்தையும் விடப் பயன்பட்டது. காணொளிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: வேகத்தை இரட்டித்து ஓடவிட்டு, சான்றிதழை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒப்பந்தத்தின் நுண்ணெழுத்தில் கவனிக்க வேண்டியவை உண்டு. எங்கள் பிரிட்டன் சந்தாவோடு தீர்ப்பாயச் செலவுக்கான காப்பீடும் வருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அவர்களின் ஆலோசனையைப் பின்பற்றியிருந்தால் மட்டுமே அது செல்லும். இதனால் ஆலோசனை இயல்பாகவே மிகுந்த எச்சரிக்கை கொண்டதாகிவிடுகிறது. இரண்டு வாரத்தில் பேசித் தீர்க்கக்கூடிய மனக்குறைக்கும் முறையான விசாரணையின் எல்லாப் படிகளையும் பரிந்துரைப்பார்கள். அது சட்டப்படி பாதுகாப்பானது. குழுவின் ஒற்றுமைக்கு எப்போதும் நல்லது என்று சொல்ல முடியாது. தொலைபேசியில் வரும் பதிலுக்கும் எழுத்தில் வரும் பதிலுக்கும் தொனி மாறுவதும் உண்டு. எழுத்தில் வாங்காத ஆலோசனையை நாங்கள் ஆலோசனையாகக் கணக்கில் கொள்வதில்லை. எப்படிப் பார்த்தாலும் சட்டப் பொறுப்பு வேலையளிப்பவருடையதே. எந்தச் சேவையும் அதை ஏற்றுக்கொள்வதில்லை என்பது ஒப்பந்தத்தின் முதல் பக்கங்களிலேயே எழுதப்பட்டிருக்கும்.

ஒரே நாட்டில், விரல்விட்டு எண்ணத்தக்க பணியாளர்களோடு இயங்கும் நிறுவனத்துக்கு இந்தச் சந்தா தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஆஸ்திரேலியாவில் பணியிடச் சட்டங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஒம்பட்ஸ்மன் அலுவலகம் ஊதியக் கணிப்பானையும் கடித மாதிரிகளையும் இலவசமாகத் தருகிறது. பிரிட்டனின் ஏகாஸ் தொலைபேசியில் இலவசமாக வழிகாட்டுகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறுவனங்களுக்கென இலவச உதவி மையம் நடத்துகிறது. அங்கே கேட்பது ரகசியமாக வைக்கப்படும். ஆனால் அது பன்னாட்டுத் தரநிலைகளைப் பற்றியே பேசும். ஒரு நாட்டின் சட்டப்படி உங்கள் வழக்கு வெல்லுமா என்று சொல்லாது. அதே அமைப்பின் நாட்லெக்ஸ் தரவுத்தளத்தில் பல நாடுகளின் தொழிலாளர் சட்டங்களைத் தேடிப் படிக்கலாம். இவற்றோடு, தேவைப்படும்போது அணுகக்கூடிய உள்ளூர்த் தொழிலாளர் சட்ட ஆலோசகர் ஒருவர் இருந்தால் போதும். இரண்டு நாடுகளுக்கு மேல் போகும்போதும், துறைத் தலைவர்கள் மனிதவளப் பிரிவைக் கேட்காமல் முடிவெடுக்கும் அளவுக்கு நிறுவனம் வளரும்போதும்தான் சந்தா தன் விலைக்கு ஈடாகத் தொடங்குகிறது.

இவ்வாண்டு புதுப்பிக்கும்போது நாள்காட்டியை விட்டுவிட்டோம். அதே நினைவூட்டல்களைப் பேரோல் மென்பொருளே தருகிறது. மூன்று நாடுகளுக்குமான உதவி எண்ணை வைத்துக்கொண்டோம். சந்தா முடிந்தாலும் இதுவரை கேட்ட கேள்விகளையும் எழுத்தில் வந்த பதில்களையும் முழுமையாகத் தரவிறக்கிக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்தில் தனிப் பிரிவாகச் சேர்க்கச் சொன்னோம். முதலில் தயங்கினார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். இந்த வகைச் சேவையைப் புதிதாக வாங்குபவர்கள், விலை பேசுவதற்கு முன்பே இந்தப் பிரிவைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கையெழுத்துப் போட்ட பின் கேட்டால் தர மாட்டார்கள்.