கிரேஹவுண்டின் கால் ஆணி: பூசியவை, கட்டியவை, அறுத்தது

எங்கள் கிரேஹவுண்ட் நாய் நீலாவின் கால் ஆணியோடு நாங்கள் மாரடித்த வருடங்களில் வாங்கியவை, தைத்தவை, பூசியவை எல்லாம் சேர்ந்து அலுமாரியில் ஒரு தட்டை நிரப்பிவிட்டன. எது உதவியது, எது வெறுமனே காசைத் தின்றது என்று எழுதிவைக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆணியின் மேல் பூசிய எதுவும் அதை வெல்லவில்லை. அந்த விரலில் விழும் பாரத்தைக் குறைத்தவைதான் பலன் தந்தன.

நீலா அவுஸ்திரேலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்தவள். காதின் உட்புறத்தில் பச்சை குத்திய எழுத்துகள் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. கொழும்புக்கு வேலைக்கு வந்த ஒரு குடும்பம் அவளைக் கூட்டி வந்தது. அவர்கள் மாற்றலாகிப் போனபோது எங்களிடம் விட்டுப்போனார்கள். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கு அவள் வந்த புதிதில், “சாப்பாடு போடுவதில்லையா?” என்று லிஃப்டில் கேட்காதவர்கள் குறைவு. விலா எலும்பு தெரிவது அந்த இனத்தின் உடல்வாகு என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் “விரதம்” என்று சொல்லிவிடுகிறேன்.

அவள் முன் வலது காலைத் தூக்கித் தூக்கி வைக்கத் தொடங்கியதும் முதலில் காட்டிய இடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரத்தத் தட்டுகள் குறைவு என்று வந்தது. நாய் நொண்டுகிறது, தட்டுகளும் குறைந்திருக்கின்றன என்றால் இந்த ஊரில் உண்ணிக் காய்ச்சலை நினைக்காத மிருக வைத்தியர் இருக்க முடியாது. அதற்கான டொக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தார்கள். மாத்திரை முடிந்தது, நொண்டல் முடியவில்லை. கிரேஹவுண்டுகளுக்குத் தட்டுகளின் எண்ணிக்கை இயல்பிலேயே மற்ற இனங்களைவிடக் குறைவு. சிவப்பணுக்களோ அதிகம், இரத்தத்தில் அவற்றின் பங்கு 55 சதவீதத்தைத் தாண்டுவது அவற்றுக்கு நோயே அல்ல. தைரொய்ட் அளவும் அப்படித்தான், தாழ்ந்தே நிற்கும். ஆய்வுகூடத்தின் பொது அட்டவணையோடு ஒப்பிட்டால் ஆரோக்கியமான கிரேஹவுண்டும் நோயாளியாகத் தெரியும். இந்த இனத்துக்கான அளவுகளை ஒரு தாளில் அச்சிட்டு நாயின் மருத்துவக் கொப்பிக்குள் வைத்திருங்கள். நான் இதுவரை செய்த செலவுகளில் மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் அந்தத் தாள்தான்.

இரண்டாவதாகப் பார்த்தவர் பேராதனையில் படித்த இளம் வைத்தியர். எந்தக் கால் என்று அவர் கேட்கவில்லை; எந்தத் தரையில் என்றுதான் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலி முகத்திடல் புல்லில் அவள் ஒரு குறையும் இல்லாமல் நடப்பாள், சில நாட்களில் துள்ளியும் ஓடுவாள். அங்கிருந்து வீதியோரத்துக்கு வந்து சொரசொரப்பான சீமெந்தில் கால் வைத்ததும் நொண்டலோடு தலையும் ஆடத் தொடங்கிவிடும். மூட்டு நோவு என்றால் புல்லிலும் ஓரளவு தெரிய வேண்டும். மென்மையான தரையில் மறைந்து கரடான தரையில் தலைகாட்டும் நொண்டலுக்குப் பாதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார் அவர். விரல் மெத்தையை ஈரப் பஞ்சால் துடைத்ததும், காய்ந்திருக்கும்போது கண்ணுக்குத் தப்பிய வட்டம் ஒன்று வெளிறித் தெரிந்தது. மேலிருந்து அழுத்தியபோது நீலா பொறுத்துக்கொண்டாள். இரு பக்கமும் பிடித்துக் கிள்ளுவது போல அழுத்தியதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

ஆணி தெரிந்த பிறகும் அவர் எக்ஸ்ரே எடுக்காமல் விடவில்லை. இந்த இனத்தில் எலும்புப் புற்றுநோய் அதிகம். அதுவும் நொண்டலாகத்தான் தொடங்கும். ஆணி இருக்கிற நாய்க்கு வேறொன்றும் இருக்கக்கூடாது என்று விதி இல்லையே. எலும்பு சுத்தமாக இருந்தது. அந்தப் படத்துக்குக் கொடுத்த காசைப் பற்றி எனக்குக் குறையில்லை.

ஆணி எதனால் வருகிறது என்பதில் ஒரே கருத்து இல்லை. மரு உண்டாக்கும் பப்பிலோமா வைரஸ் என்கிறார்கள், உள்ளே சிக்கிய சிறு துகள் என்கிறார்கள், பழைய காயத்தின் தழும்பு என்கிறார்கள், ஓரிடத்தில் விழும் ஓயாத அழுத்தம் என்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த மைக்கேல் கில்லியார்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் தம் சகாக்களோடு 2010இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதன்படி ஆணிகள் பெரும்பாலும் முன்னங்கால்களின் நடு விரல்கள் இரண்டில்தான், அதாவது மூன்றாவது நான்காவது விரல்களில்தான் வருகின்றன. உடற்பாரத்தை அதிகம் தாங்குபவை அவையே. நீலாவுக்கும் மூன்றாவது விரல். மற்ற விளக்கங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் நடந்த எல்லாவற்றோடும் ஒத்துப்போவது அழுத்தம் ஒன்றுதான்.

முதல் நிவாரணம் ஆணியைத் தோண்டி எடுப்பது. கேட்கவே கூசுகிறது, தெரியும். ஆணி என்பது இறுகிப்போன தோல். அதில் நரம்பும் இல்லை, இரத்தமும் இல்லை. கூம்பு போல உள்நோக்கி வளர்ந்து கீழே இருக்கும் உயிருள்ள சதையை அழுத்தும்போதுதான் வலி. பல் வைத்தியர்கள் பயன்படுத்தும் மழுங்கிய முனையுள்ள சிறு கரண்டி போன்ற கருவியால் அந்த வட்டத்தின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தளர்த்தினால், சரியான ஆழத்தில் ஆணி முழுதாகக் கழன்று வருகிறது. மயக்க மருந்து தேவைப்படவில்லை, ஒரு துளி இரத்தமும் வரவில்லை. அன்று மாலையே காலி வீதியில் நீலா நேராக நடந்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு வைத்தியருக்கு முறுக்குச் சுட்டு அனுப்பினார்.

சில வாரங்களில் ஆணி மறுபடியும் தலைகாட்டியது. அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தடவை போல எடுக்க வேண்டியிருந்தது. வைத்தியர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்ததால் நானே செய்யப் பழகினேன். வெதுவெதுப்பான நீரில் பாதத்தைச் சற்று நேரம் ஊறவைக்க வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும். கூரான கத்தியைக் கையில் எடுக்கவே கூடாது. சதை இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பொறுமையில்லாதவர்கள் இதில் இறங்காமல் வைத்தியரிடமே போவது நல்லது.

பூசுபவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யூரியா 40 சதவீதம் உள்ள களிம்பு ஆணியை மெதுமையாக்குகிறது. தோண்டுவதற்கு முந்தைய சில நாட்களில் இரவில் தடவினால் வேலை எளிதாகிறது. அதைத் தாண்டி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். நக்காமலிருக்க மேலே குழந்தைகளின் காலுறை ஒன்றை மாட்டிவிடுவேன். பார்மசியில் மனிதர்களுக்கு விற்கும் சாலிசிலிக் அமிலப் பிளாஸ்டர் ஆணியோடு சேர்த்து அருகிலுள்ள நல்ல தோலையும் வெந்துபோகச் செய்கிறது. நாய் அதைப் பிய்த்து விழுங்கினால் வயிற்றுக்கும் கேடு. ஒரு பெட்டி வாங்கியதோடு நிறுத்திக்கொண்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி தொலைபேசியில் சொன்ன மருந்து எருக்கம்பால். மனிதரின் கால் ஆணிக்கு அது தலைமுறை தலைமுறையாக வருகிற கைவைத்தியம்தான். ஆனால் மனிதர் தம் உள்ளங்காலை நக்குவதில்லை. எருக்கம்பால் நஞ்சு, கண்ணில் பட்டாலும் ஆபத்து. சித்தியிடம் “பூசினோம், குறைகிறது” என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வலி மாத்திரையால் பெரிய மாற்றம் இல்லை. மெலொக்ஸிகாம் சில நாட்கள் கொடுத்தோம். கூம்பு உள்ளே குத்திக்கொண்டிருக்கும்போது மாத்திரை என்ன செய்யும்? வீட்டில் கிடக்கும் இபுபுரோஃபனை நாய்க்குக் கொடுப்பதை மட்டும் நினைத்தும் பார்க்காதீர்கள்.

சப்பாத்துக் கதை சற்று நீளம். லண்டனிலிருந்து வந்த மச்சான் சூட்கேஸில் ஒரு சோடி கொண்டுவந்தார், அடியில் தடித்த மெத்தை வைத்தது. நொண்டல் பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் அது குளிர்நாட்டுக்குத் தைத்த பொருள். கொழும்பு வெயிலில் அரை மணி நேரத்தில் உள்ளே வியர்வை ஊறியது. மே மாதம் மழை தொடங்கியதும் நனைந்து, காய மறுத்து, விரலிடுக்கில் புண் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைச் சந்தைக்கு அருகே நடைபாதையில் சப்பாத்துத் தைக்கும் பெரியவரிடம் போனேன். “நாய்க்கா, தம்பி?” என்று கேட்டவர், அடுத்த நாள் நாயைக் கூட்டிவரச் சொன்னார். நீலாவின் பாதத்தைக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் கோடிழுத்து அளவெடுத்தார். காலை அவள் இழுக்கவே இல்லை. என்னிடம் அந்த மரியாதை அவளுக்குக் கிடையாது.

அவர் தைத்துக் கொடுத்ததில் அடிப்பாகம் இரப்பர் செருப்பின் பஞ்சு, அதற்குக் கீழே சைக்கிள் டியூப், மேலே காற்றோட்டமான வலைத்துணி. ஆணி இருக்கும் இடத்துக்கு நேராகப் பஞ்சில் ஒரு சிறு குழி வெட்டச் சொல்லிக் கேட்டேன். பாரம் ஆணியில் விழாமல் அதைச் சுற்றி விழ வேண்டும் என்பதுதான் எண்ணம். அந்தக் குழிதான் எல்லாவற்றையும் மாற்றியது. டியூப் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது, அதனால் இரண்டு சோடி மாறி மாறிப் போட வேண்டும். வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிட வேண்டும். இந்த இரண்டையும் கவனித்தால் இறக்குமதிச் சப்பாத்தைவிட இதுவே மேல்.

வெளியே இப்படி என்றால் வீட்டுக்குள் டைல்ஸ். வழுக்கும் தரையில் நாய் விரல்களை மடக்கி ஊன்றுகிறது, நடு விரல்களில் அழுத்தம் கூடுகிறது. பாய் விரித்தால் பாயோடு சேர்ந்து நாயும் சறுக்கியது. அடிப்பக்கம் இரப்பர் ஒட்டிய தரைவிரிப்புகளைக் கூடத்திலிருந்து சமையலறை வரை தொடர்ச்சியாகப் போட்டோம். வீடு உடற்பயிற்சி நிலையம் மாதிரி இருக்கிறது என்று வருகிறவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நடைப் பாதையையும் மாற்றினோம். மரைன் டிரைவைத் தாண்டினால் கடற்கரை மணல், ஆணிக்கு அதைவிட நல்ல தரை இல்லை. இடையில் ரயில் பாதை, அதன் இருபுறமும் கூரான கருங்கல் சல்லி. அந்தச் சில அடிகளை அவள் கடக்க மாட்டாள், நின்றுவிடுவாள். இருபத்தேழு கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதையைக் கடக்கும் வீரம் எனக்கில்லை. ஆகவே காலையில் ஓட்டோ பிடித்து விகாரமகாதேவி பூங்காப் பக்கம் போய்ப் புல்லில் நடத்திக் கூட்டிவருகிறோம். ஓட்டோச் செலவைக் கணக்கில் சேர்த்தால்கூட களிம்புகளுக்குக் கொட்டியதைவிட இது நியாயமான செலவு.

கடைசியாக அறுவைச் சிகிச்சை. ஆணியை வெட்டி எடுப்பது பழைய முறை. வெட்டிய இடத்திலேயே பல திரும்பி வளர்ந்துவிடுகின்றன. விரலையே எடுத்துவிட்டால் அடுத்த விரல் அந்தப் பாரத்தைச் சுமக்கிறது, ஆணி அங்கே வரக்கூடும். கில்லியார்ட் பின்னர் முன்வைத்த முறை வேறு. ஆணியைத் தொடுவதே இல்லை. விரலை வளைக்கும் தசைநார்களில் மேலோட்டமானதை ஒரு சிறு கீறல் வழியாக அறுத்துவிடுகிறார்கள். விரல் சற்றுத் தட்டையாகிறது, தரையில் படும் இடம் மாறுகிறது, அழுத்தம் போன ஆணி தானாகவே உதிர்கிறது. எங்கள் வைத்தியர் அதைப் படித்துவிட்டு, எலும்பு அறுவையில் கைதேர்ந்த தம் ஆசிரியர் ஒருவரோடு பேசி, செய்து பார்க்கலாம் என்றார்.

எங்கள் பயம் வெட்டைப் பற்றியது அல்ல, மயக்கத்தைப் பற்றியது. கிரேஹவுண்டின் உடம்பில் கொழுப்புக் குறைவு, ஈரல் சில மருந்துகளை மெதுவாகத்தான் கரைக்கிறது. தயோபென்டோன் போன்ற மயக்க மருந்துகளைக் கொடுத்தால் தெளிய நெடுநேரம் பிடிக்கும். அறுவைக்குப் பிறகு ஓரிரு நாள் கழித்து இரத்தம் கசியும் பழக்கமும் இந்த இனத்துக்கு உண்டு. அதற்கு, கசிவைக் கட்டுப்படுத்தும் டிரனெக்ஸாமிக் அமிலம் கைவசம் இருக்க வேண்டும். இவை இரண்டையும் அவர்களே முதலில் எடுத்துச் சொன்னார்கள். அதனால்தான் சம்மதித்தோம். கிரேஹவுண்ட் வைத்திருப்பவர்கள் பல் சுத்தம் செய்யக் கொடுத்தாலும் இவற்றைக் கேட்டுவிட்டே மேசையில் ஏற்ற வேண்டும்.

கீறல் விரல் நகத்தளவுதான். காலில் போட்ட கட்டைப் பொலித்தீனால் மூடிக் காத்தது மட்டும் பெரும்பாடு, ஏனென்றால் மழைக்காலம். தையல் பிரித்த நாளில் நொண்டல் அப்படியே இருந்தது, எனக்கு மனம் விட்டுப்போனது. பிறகு வாரங்கள் போகப் போக ஆணியின் விளிம்பு தளர்ந்தது, நடு வெடித்தது. ஒரு நாள் தரைவிரிப்பில் மிளகளவு கட்டியாகக் கிடந்தது. அந்த இடத்தில் இப்போது மெத்தை சற்றுக் கரடாக இருக்கிறது, ஆணி திரும்பவில்லை. விரல் தட்டையாகி நகம் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. முன்புபோல் தரையில் தேயாததால் அடிக்கடி வெட்டிவிட வேண்டியிருக்கிறது. ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

இடது முன்னங்காலின் நான்காவது விரலில் சிறிதாக ஒன்று வந்திருக்கிறது. வலது காலைக் காப்பாற்ற அந்தப் பக்கம் இவ்வளவு காலமும் பாரம் போட்டதன் கூலியாக இருக்கலாம். இதற்கும் தசைநாரை அறுக்கலாமா என்று கேட்டோம். தோண்டி எடுத்தால் நீண்ட நாள் தாங்குகிறது என்பதால் பொறுத்துப் பார்ப்போம் என்கிறார் வைத்தியர். பெரியவரிடம் இடது காலுக்கும் அளவு கொடுத்தாயிற்று. குழியை இந்த முறை வெளிப்பக்கமாக வெட்ட வேண்டும், கணுக்கால் பட்டையை அரை அங்குலம் மேலே ஏற்ற வேண்டும்.