ஜாக்சனா, கிளேயா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க அதிபர் பதவிக்கு மோதிக்கொண்ட ஆண்ட்ரூ ஜாக்சன், ஹென்றி கிளே இருவருமே அப்பலாச்சிய மலைகளைத் தாண்டி மேற்கே போய் வக்கீலாகக் காலூன்றியவர்கள். முன்னவருக்கு டென்னசி, பின்னவருக்குக் கென்டக்கி. இருவரும் மானப் பிரச்சினைக்குத் துப்பாக்கி தூக்கியவர்கள்தான். ஆனால் 1806-இல் எதிராளியைக் கொன்றே விட்டவர் ஜாக்சன். இருவர் பண்ணையிலும் அடிமைகள் உழைத்தார்கள். அடிமை முறை தீமை என்று கிளே பேசவாவது செய்தார். பேசிக்கொண்டே அடிமைகளையும் வைத்திருந்தார். ஆக, அந்தக் காலத்தின் மிகப் பெரிய கேள்வியில் வாக்காளருக்குத் தேர்வு என்று எதுவும் இல்லை.

பகை முற்றியது 1824 அதிபர் தேர்தலில். தேர்வாளர் வாக்குகள் (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்புகிறவர்களின் வாக்குகள்) ஜாக்சனுக்கு 99, ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 84. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. நாலாவதாக வந்து போட்டியிலிருந்தே விழுந்த கிளேதான் அங்கே சபாநாயகர். அவர் ஆடம்ஸுக்குக் கைகொடுத்தார். அதிபரான ஆடம்ஸ் அவரை வெளியுறவுச் செயலர் ஆக்கினார். பேரம் நடந்ததோ இல்லையோ, நடந்ததாக நம்ப அது போதும். அந்தக் கோபத்தின் மேலேறி 1828-இல் ஜாக்சன் ஜெயித்தார்.

கிளேயின் திட்டம் தெளிவானது: உள்நாட்டுத் தொழிலைக் காக்க இறக்குமதி வரி, அரசுப் பணத்தில் சாலைகளும் கால்வாய்களும், நாணயத்தைக் கட்டுக்குள் வைக்க ஒரு தேசிய வங்கி. காகிதத்தில் பார்த்தால் என் ஓட்டு இவருக்குத்தான். ஜாக்சனோ கென்டக்கியின் மேஸ்வில் சாலைக்கான உதவியை 1830-இல் வீட்டோ செய்தார். ஒரே மாநிலத்துக்குள் ஓடும் சாலை என்பது அவர் சொன்ன காரணம். அது கிளேயின் மாநிலம் என்பதும் உண்மைதான்!

வங்கி விஷயத்தில் கிளே தானே குழி வெட்டிக்கொண்டார். அப்போது இருந்த தேசிய வங்கியின் உரிமம் முடிய 1836 வரை நேரம் இருந்தது. வங்கித் தலைவர் நிக்கோலஸ் பிடிலோடு சேர்ந்து 1832 தேர்தலுக்கு முன்பே புதுப்பிப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். மறுத்தால் ஜாக்சன் ஓட்டு இழப்பார் என்பது கணக்கு. ஜூலை 10-இல் ஜாக்சன் மறுத்தார். பணக்காரர்கள் அரசைத் தங்கள் சுயநலத்துக்கு வளைக்கிறார்கள் என்று அந்த மறுப்பிலேயே பிரசாரமும் செய்துவிட்டார். அந்தத் தேர்தலில் ஜாக்சனை எதிர்த்து நின்றவர் கிளேதான். தேர்வாளர் வாக்குகளில் முடிவு ஜாக்சனுக்கு 219, கிளேக்கு 49. வங்கியின் தலைமையகம் இருந்த பென்சில்வேனியாவும் ஜாக்சன் பக்கமே நின்றது. அப்புறம் அரசுப் பணம் மாநில வங்கிகளுக்குப் போனது. கடன் வீங்கியது, நில ஊக வணிகம் பெருகியது. 1837-இல் நெருக்கடி வெடித்தபோது ஜாக்சன் பதவியில் இல்லை.

பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே விரட்டும் 1830 சட்டம் 102-க்கு 97 என்ற நூலிழையில்தான் பிரதிநிதிகள் சபையைத் தாண்டியது. அதற்காக வரிந்துகட்டியவர் ஜாக்சன், கண்டித்தவர் கிளே. அதற்காகக் கிளேயைத் தலையில் தூக்கி வைக்கவும் முடியவில்லை. பூர்வகுடிகள் அழிந்துபோனால் உலகுக்குப் பெரிய நஷ்டமில்லை என்று 1825-இல் அவர் சொன்னதை ஆடம்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இருந்தாலும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்பதுதான் கணக்கு. 1838-39-இல் நடத்திச் செல்லப்பட்ட செரோக்கி என்ற பூர்வகுடி இனத்தார் சுமார் 16,000 பேரில் ஏறக்குறைய 4,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

கிளே 1844-இல் மறுபடி நின்று, ஜாக்சனின் சீடர் ஜேம்ஸ் போல்க்கிடம் தோற்றார். ஆனால் ஜாக்சனுக்கும் போல்க்குக்கும் சொந்த மாநிலமான டென்னசியில் சொற்ப வாக்குகளில் ஜெயித்தவர் கிளே. ஜாக்சன் அப்போது அதே மாநிலத்தில், தன் ஹெர்மிடேஜ் பண்ணையில், உயிரோடுதான் இருந்தார்.