மெத்தில் அயோடைடா, டைமெத்தில் சல்ஃபேட்டா? ஆய்வக மெத்திலேற்றத்துக்கு என் தேர்வு

பீனால் வகைச் சேர்மம் ஒன்றில் மெத்தில் தொகுதியை (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட சிறு அணுக்கூட்டம்) இணைத்து அதன் மெத்தில் ஈதராக மாற்ற வேண்டியிருந்தபோது, அந்தத் தொகுதியைத் தரும் மெத்தில் அயோடைடு, டைமெத்தில் சல்ஃபேட் ஆகிய இரண்டில் எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மெத்தில் அயோடைடைத் தேர்ந்தேன். சில கிராம் அளவிலான வேலைக்கு இன்றும் அதையே எடுப்பேன்.

விலையில் டைமெத்தில் சல்ஃபேட் மலிவு. மெத்தில் அயோடைடின் மூலக்கூறு எடையான 142-இல் ஏறத்தாழ 127 அயோடினுக்கே உரியது என்பதால், நாம் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி வினைக்குப் பின் அயோடைடு உப்பாகக் கழிவில் சேர்கிறது. வினைத்திறனில் இரண்டுமே போதுமானவை. நச்சுத்தன்மையில் இரண்டுமே கொடியவை. பீனாலுக்கு மெத்திலைத் தரும் அதே இயல்பினால்தான் நம் டி.என்.ஏ.வையும் அவை தாக்குகின்றன.

என் முடிவைத் தீர்மானித்தது, வினை முடிந்தபின் எஞ்சும் பொருளை என்ன செய்வது என்ற கேள்வி. டைமெத்தில் சல்ஃபேட்டின் கொதிநிலை 188 பாகை செல்சியஸ். குறைந்த அழுத்தத்தில் குடுவையைச் சுழற்றிக் கரைப்பானை ஆவியாக்கி நீக்கும் ரோட்டரி எவாபரேட்டரில் அது எளிதில் விலகாது. எனவே நீர்த்த அம்மோனியாவையோ டிரையெத்தில் அமீனையோ சேர்த்து, நன்றாகக் கலக்கி, முழுவதும் அழிந்துவிட்டதை உறுதி செய்த பிறகே விளைபொருளைப் பிரிக்க இயலும். இதில் அவசரப்பட்டால் விளைபொருளோடு நஞ்சும் சேர்ந்தே குடுவையில் தங்கும்; அதன் ஆவி நுரையீரலைப் புண்ணாக்கினாலும் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தெரியும் என்பதால், தவறு நடந்ததே உடனே புலப்படாது. மெத்தில் அயோடைடோ 42 பாகையிலேயே கொதிப்பது. டி.எம்.எஃப். (டைமெத்தில் ஃபார்மமைடு) என்ற கரைப்பானில் பொட்டாசியம் கார்பனேட்டோடு அறை வெப்பநிலையில் ஓர் இரவு கலக்கவிட்டு, மறுநாள் நீர் சேர்த்து எத்தில் அசிட்டேட்டில் பிரித்தெடுத்தால், எஞ்சிய மெத்தில் அயோடைடு அந்த எத்தில் அசிட்டேட்டோடு சேர்ந்தே ஆவியாகிவிடும்.

ஆனால் விளைபொருளை விட்டு நீங்கியது எங்கோ போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஆகவே எவாபரேட்டரை, நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குள் வைத்து, பம்புக்கு முன் ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கிப் பிடிக்கும் குளிர்பொறி பொருத்தி, அதில் சேரும் திரவத்தை அமீன் கரைசலில் மெதுவாக ஊற்றி அழித்தேன். 25 பாகையிலேயே மெத்தில் அயோடைடின் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பாதியைத் தொடுவதால், சென்னையின் மே மாதத்தில் குப்பியைக் குளிர்விக்காமல் திறப்பது ஆபத்து. மெல்லிய நைட்ரைல் கையுறையை இது விரைவில் ஊடுருவும். பல அடுக்குப் படலத்தால் ஆன உள்கையுறை அணிந்து, அதன் மேல் நைட்ரைல் அணிவதே முறை. மணத்தை எச்சரிக்கையாக நம்பக் கூடாது. நரம்பு மண்டலப் பாதிப்பு தாமதமாக வெளிப்படலாம் என்பதால், ஆவியைச் சுவாசித்த ஐயம் இருந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை டைமெத்தில் சல்ஃபேட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு மிகுந்தவற்றுள் சேர்த்துள்ளது. மெத்தில் அயோடைடை வகைப்படுத்தப் போதிய சான்று இல்லாத மூன்றாம் பிரிவில் வைத்துள்ளது. இந்த வேறுபாடும் என் சாய்வுக்கு ஒரு காரணமே என்றாலும், அந்தப் பிரிவைப் பாதுகாப்புச் சான்றிதழாக நான் கொள்ளவில்லை.

என் அனுபவம் கிராம் அளவோடு நிற்கிறது. கிலோக் கணக்கில் செய்யும் தொழிற்சாலைக்கு விலையும், எளிதில் ஆவியாகாத தன்மையும் டைமெத்தில் சல்ஃபேட்டின் பக்கமே கணக்கைச் சாய்க்கக்கூடும். சிறிய ஆய்வகத்துக்கு மெத்தில் அயோடைடை வாங்குவோர், செம்புக் கம்பி இட்ட பழுப்புக் குப்பியாகக் கேட்டு வாங்கி, ஒளி படாமல் குளிரில் வைக்கலாம். ஒளியில் பிரியும் அயோடினைச் செம்பு பிடித்துக்கொள்ளும். திரவம் செந்நிறமாக மாறியிருந்தால் அதைத் தூய்மைப்படுத்தாமல் வினையில் சேர்க்க வேண்டாம்.