ஐஐடி மெட்ராஸ் பிஎஸ் டேட்டா சயின்ஸ்: பாதியில் இறங்கலாம், ஆனால் எங்கே இறங்குவது?

கையில் ஒரு டிகிரியோ வேலையோ இருக்க, ‘டேட்டா சயின்ஸ் நமக்கு ஒத்துவருமா’ என்று பார்க்க நினைப்பவர்களுக்கு இந்த ஆன்லைன் படிப்பின் பெரிய வசதி, நடுவிலேயே சான்றிதழோடு இறங்கிக்கொள்ளலாம் என்பதுதான். முதல் நிலையான பவுண்டேஷன் 8 பாடம், 32 கிரெடிட் (பாடத்தின் எடையைக் காட்டும் புள்ளி). அதன்மேல் புரோகிராமிங், டேட்டா சயின்ஸ் என இரண்டு டிப்ளமோ, தலா 27. 114 கிரெடிட்டில் பிஎஸ்சி, 142 முடித்தால் முழுப் பட்டமான பிஎஸ். எடுக்கும் பாடத்துக்கு மட்டும் அந்தந்த டேர்மில் (படிப்புப் பருவத்தில்) பணம் கட்டினால் போதும்.

நுழைவில் போட்டி கிடையாது. நான்கு வாரப் பாடம், வாராவாரம் அசைன்மென்ட், பிறகு நேரில் தேர்வு. கட்-ஆஃப் தாண்டிய எல்லோருக்கும் இடம் உண்டு. செலவு குறைந்த முதல் சோதனை இதுவே. கணிதம், புள்ளியியல், ஆங்கிலம், கம்ப்யூடேஷனல் திங்கிங் என நான்கு பாடம். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். மளிகை பில், மதிப்பெண் அட்டை போன்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணி, அந்த வேலையை சூடோகோடாக, அதாவது படிப்படியான வழிமுறையாகச் சாதாரண வார்த்தைகளில், எழுத வைப்பார்கள். கோடிங் மொழி எதுவும் தெரியத் தேவையில்லை. இது சலிப்புத் தட்டினால் பின்னால் வரும் பைத்தான் என்ற கோடிங் மொழியும் சலிக்கும்.

சிக்கல் ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான். ஒரு பாடத்துக்கு வாரம் 10 மணி நேரம் என்பது அவர்களே சொல்லும் கணக்கு. நான்கு பாடம் எடுத்தால் 40 மணி, அதாவது இன்னொரு முழுநேர வேலை. வேலைக்கோ கல்லூரிக்கோ போய்க்கொண்டு நான்கு எடுப்பது வீண் துணிச்சல், இரண்டே சரி. அசைன்மென்ட் தேதி தாண்டினால் எண்ட் டேர்ம் (பருவ இறுதித் தேர்வு) எழுதும் தகுதியே போய்விடலாம். தோற்ற பாடத்துக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும். குவிஸும் எண்ட் டேர்மும் நேரில் போய் எழுத வேண்டியவை என்பதால், சேரும் முன்பே கல்லூரி செமஸ்டர் அட்டவணையோடு தேதிகளை ஒப்பிட்டுவிடுங்கள்.

பவுண்டேஷனோடு இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் இருப்பது அடிப்படைக் கணிதமும் புள்ளியியலும் ஆங்கிலமும், கொஞ்சம் பைத்தானும். துறை எப்படிப்பட்டது என்பது அங்கே தெரியாது, அந்தச் சான்றிதழை மட்டும் காட்டி வேலை கேட்கவும் முடியாது. உண்மையில் முடிவெடுக்க வேண்டிய இடம் டிப்ளமோவின் முதல் டேர்ம். அதில் மெஷின் லேர்னிங் பவுண்டேஷன்ஸ், டேட்டாபேஸ் இரண்டையும் சேர்த்து எடுங்கள். முன்னது டேட்டா சயின்ஸ் டிப்ளமோவின் பாடம்; லீனியர் ஆல்ஜீப்ரா, நிகழ்தகவு, ஆப்டிமைசேஷன் என முழுக்கக் கணிதம்; பவுண்டேஷனின் இரண்டாவது கணிதப் பாடமான கணிதம் 2 சுமாராகப் போனவர்கள் தடுமாறுவது இங்கேதான். பின்னது புரோகிராமிங் டிப்ளமோவின் பாடம்; அதில் எஸ்கியூஎல் (டேட்டாபேஸிலிருந்து தகவல் கேட்கும் மொழி) எழுதும் வேலை அதிகம். எந்தப் பாடத்தின் அசைன்மென்ட்டை யாரும் விரட்டாமலே முதலில் முடிக்கிறீர்களோ, அந்தப் பக்க டிப்ளமோவை முதலில் முடியுங்கள். இரண்டையுமே கடைசி நாள் வரை தள்ளிப்போட்டால் அடுத்த டேர்முக்குப் பணம் கட்டாதீர்கள்.