கரப்பனும் ஒயின்மென்டும்: மூன்று வருஷக் கணக்கு

நேற்று உப்புவெளியிலிருந்து மச்சான் போன் எடுத்து, "உன்ட கால் கரப்பனுக்கு என்னடா பூசினாய், பேரைச் சொல்லு, நானும் வாங்கிறன்" என்றான்.

பேர் எல்லாருக்கும் தெரிந்ததுதான், பீட்டாமெதசோன் 0.1 வீதம் என்ற ஸ்டீரொயிட் மருந்து. கிரீமாகவும் வரும், ஒயின்மென்டாகவும் வரும். மருந்து ஒன்றென்றாலும் இரண்டோடும் குடித்தனம் நடத்துவது ஒன்றில்லை.

முதலில் கிரீம்தான் தந்தார்கள். பூசினால் சுவறிவிடும், உடுப்பில் படாது. ஆனால் கச்சான் காற்று தொடங்கி கணுக்கால் வெடித்ததும், அதே கிரீம் மிளகாய்த்தூள் பட்ட மாதிரி எரிந்தது. கிரீமில் தண்ணீர் இருப்பதால் பழுதாகாமல் இருக்க ஏதேதோ சேர்ப்பார்கள், வெடித்த தோலில் அது சிலருக்கு எரியுமாம். டொக்டர் ஒயின்மென்டுக்கு மாற்றினார். அது பெரும்பாலும் பரபின் என்ற பிசுபிசுப்பான மெழுகு, தோலின் ஈரத்தை மூடி வைக்கும். பத்து நாளில் சொறிச்சல் நின்றது, நல்ல நித்திரை. கரப்பன் கிளம்பினால் மட்டும் அவர் சொன்ன நாள் கணக்குக்குப் பூசுவேன், மற்ற நாளில் வெறும் வாஸ்லின்.

இனி ஏச்சு. திருகோணமலை வெயிலில் இது காலில் நிற்காது, உருகி ஓடும். செருப்பு வழுக்கும், நிலாவெளிக்குப் போனால் பாதிக் கடற்கரை காலோடு வீட்டுக்கு வரும். மனுசி எனக்கென்று தனியாக ஒரு பழைய பெட்ஷீட் ஒதுக்கிவிட்டா. பரபின் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும், கழுவினாலும் முழுதாகப் போகாது என்று கேள்விப்பட்டதிலிருந்து அடுப்படிக்குள்ளும் விடுவதில்லை (அது எனக்கு லாபம்தான்).

அளவையாவது முதலே யாராவது சொல்லியிருக்கலாம். சுட்டுவிரலின் முதல் மடிப்பிலிருந்து நுனி வரை ஒரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குக் காணும். நானோ பாணுக்குப் பட்டர் பூசுவது போல அப்பிக்கொண்டிருந்தேன்!

மச்சானிடம் படம் அனுப்பச் சொன்னேன். வட்டமாக, ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்து கிடக்கிறது. பார்த்தால் படை மாதிரி. அதற்கு என் மருந்தைப் பூசினால் கடி அடங்கின மாதிரி இருக்கும், பங்கசு உள்ளுக்குள் பரவும். படை என்றால் பங்கசைக் கொல்லும் குளோட்ரிமசோல் போன்றதுதான் வேணும், போய்க் காட்டு என்றேன். "உனக்கு மட்டும் நல்ல மருந்து" என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டான்.

கரப்பனுக்கு இதைப்போல எனக்குக் கேட்ட மருந்து வேறில்லை. ஆனாலும் இன்று காலை புதுச் சாரத்தில் எண்ணெய்க் கறை, அதனால் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான். டியூப்பும் முடியப்போகிறது, பின்னேரம் டொக்டரின் மருந்துத் துண்டோடு பார்மசிக்குப் போக வேணும்.