ஆடி மாதமும் இருநூறு புள்ளிகளும்: நெடுந்தூர சைக்கிள் போட்டியைக் காரைக்குடியிலிருந்து தொடர்ந்த அனுபவம்

பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத ஒரு விளையாட்டுக்கு நான் ரசிகன். டிரான்ஸ்கான்டினென்டல் ரேஸ் என்ற சைக்கிள் போட்டியை 2019 முதல் கைபேசியில் தொடர்ந்து வருகிறேன். மைதானம் கிடையாது, நேரடி ஒளிபரப்பு கிடையாது, ஓவருக்கு ஓவர் கத்தும் வர்ணனையாளரும் கிடையாது. ஐரோப்பாவின் வரைபடம் ஒன்று, அதன்மேல் எண் ஒட்டிய இருநூறு முந்நூறு புள்ளிகள். நெடுநாள் வீட்டில் ஓடிய மிக்சியைப் பற்றிச் சொல்வதுபோல, இதன் நல்லது கெட்டதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

போட்டி இதுதான். ஐரோப்பாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போகும் சாலைத் தொலைவைவிட இது கூடுதல். இடையில் கட்டங்கள் இல்லை. கடிகாரம் தொடங்கினால் முடிவுக்கோடு வரை நிற்காது. தூங்கினால் அந்த நேரம் உங்கள் கணக்கில் ஏறும். பின்னால் உதவி வண்டி வரக் கூடாது. பஞ்சர் ஆனால் நீங்களே ஒட்ட வேண்டும், பசித்தால் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய கடையில் வாங்கித் தின்ன வேண்டும். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து காற்றிலிருந்து தப்பவும் கூடாது. இடையில் சில செக்பாயிண்டுகளில் முத்திரை வாங்க வேண்டும், குறிப்பிட்ட சில மலைச் சாலைகளில் ஏறியாக வேண்டும். மற்றபடி வழியை அவரவரே வகுத்துக்கொள்ளலாம். பிரிட்டனைச் சேர்ந்த மைக் ஹால் 2013-இல் இதைத் தொடங்கினார். முதல் ஆண்டு லண்டனிலிருந்து இஸ்தான்புல்லுக்கு ஓட்டினார்கள். பெல்ஜியத்தின் கிறிஸ்டோஃப் அலெகார்ட் வென்றார்.

ஆளுக்கொரு டிராக்கர் கொடுத்துவிடுவார்கள். உள்ளங்கையில் அடங்கும் கருவி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லும். அதுதான் நமக்குத் தெரியும் புள்ளி.

எனக்கு இது ஒத்துவந்ததற்கு என் தொழில் ஒரு காரணம். காரைக்குடியில் எங்களுக்குப் பலகாரக் கூடம் இருக்கிறது: தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம், அதிரசம். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். போட்டி ஜூலைக் கடைசியில், அதாவது ஆடியில் தொடங்குகிறது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாண ஆர்டர் கிடையாது. எண்ணெய்ச் சட்டி பாதி நாள் சும்மா கிடக்கும். மேற்கு ஐரோப்பாவின் கோடைக்கால நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே நான் அடுப்பைப் பற்றவைக்கும்போது அங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி. யார் படுத்துவிட்டார், யார் இன்னும் மிதிக்கிறார் என்பது முதல் காபிக்குள் தெரிந்துவிடும். பந்தயத்தின் போக்கு பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் மாறுகிறது.

புதிதாகப் பார்க்கிறவருக்கு முதல் இரண்டு நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். புள்ளி நகர்கிறது, நிற்கிறது, அப்புறம் மீண்டும் நகர்கிறது. படிக்கப் பழகிய பிறகுதான் சுவாரசியம் பிடிபடும். இருபது நிமிடம் நின்றால் சாப்பாடு. செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றிப் பெரிதாக்கினால் பெரும்பாலும் அங்கே ஒரு பெட்ரோல் பங்க் இருக்கும். மூன்று மணி நேரம் நின்றால் தூக்கம். ஊருக்குள் இரண்டு தெருவைச் சுற்றிவிட்டு நின்றால் அறை தேடியிருக்கிறார். ஊருக்கு வெளியே வயலோரம் நின்றால் தூங்கும் பைக்குள் நுழைந்து அப்படியே படுத்துவிட்டார். மணிக்கு ஆறு கிலோமீட்டரில் ஒரு புள்ளி ஊர்கிறதென்றால், ஏற்றத்தில் இறங்கித் தள்ளுகிறார் என்று பொருள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை பல்பொருள் கடைகள் பூட்டியிருக்கும் என்பது எனக்கு இந்தப் புள்ளிகள் சொல்லித்தான் தெரியும். அந்த நாட்களில் எல்லாரும் ரயில் நிலையங்களிலும் பெட்ரோல் பங்குகளிலும் போய் மொய்ப்பார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வழி பிரியும் இடம். முன்னணியில் மூவர் ஒரே ஆற்றோரமாக வந்துகொண்டிருப்பார்கள். திடீரென ஒருவர் மட்டும் இடது பக்கம் மலைக்குள் திரும்புவார். சுற்று குறைவு, ஏற்றம் அதிகம். அவர் மாதக்கணக்கில் வீட்டில் வரைபடத்தை வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. சரியா தவறா என்று தெரிய ஆறேழு மணி நேரம் ஆகும். அதுவரை நாம் தேன்குழல் பிழிந்துகொண்டே காத்திருக்கலாம். எந்தத் தொலைக்காட்சிப் போட்டியும் எனக்கு இவ்வளவு பொறுமையான பதற்றத்தைத் தந்ததில்லை.

முதல்முறை பார்த்த ஆண்டே 2019 ஆனது என் அதிர்ஷ்டம். கருங்கடல் ஓரத்தில் பல்கேரியாவின் புர்காஸிலிருந்து அட்லாண்டிக் ஓரத்தில் பிரான்சின் பிரெஸ்டுக்கு. ஃபியோனா கோல்பிங்கர் என்ற ஜெர்மானியப் பெண், வயது 24, புற்றுநோய் ஆய்வாளர். இப்படியொரு பந்தயத்தில் அவர் ஓட்டியது அதுவே முதல்முறை. நடுவழியில் முன்னிலை பிடித்தவர் கடைசி வரை விடவில்லை. 10 நாள், 2 மணி, 48 நிமிடம். ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே காலை எட்டாவதற்குச் சற்று முன்னால் முடித்தார், இங்கே பதினொன்றேகால். ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓட்டும் இந்தப் போட்டியை முதன்முதலில் வென்ற பெண் அவர். இரண்டாவதாக வந்த பென் டேவிஸ் பத்து மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். இடையில் ஒரு செக்பாயிண்டில் உட்கார்ந்து பியானோ வாசித்துவிட்டுப் போனார் கோல்பிங்கர். அந்தக் காணொளியைக் கூடத்தில் எல்லாரிடமும் காட்டினேன். அதன்பிறகு மாவு பிசையும் அக்கா தினமும் வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அந்தப் பிள்ளை தூங்கியதா தம்பி?"

ஒரு நாளைக்குச் சராசரியாக 400 கிலோமீட்டர் என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. காரைக்குடியிலிருந்து சென்னை ஏறத்தாழ அந்தத் தொலைவுதான். இரவு ரயிலில் படுத்துக்கொண்டு போனாலே மறுநாள் எனக்கு இடுப்பு வலிக்கிறது. என் சைக்கிள் பயணம் கானாடுகாத்தான் போய் வருவதோடு சரி. அதிலும் எதிர்க்காற்று அடித்தால் பள்ளத்தூரில் ஒரு டீ.

ஆத்தாவுக்கு இந்தப் போட்டியின் விதிகள்மேல் கடும் கோபம். அவர் சிறு பெண்ணாக இருந்த காலத்திலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தவர். எங்கள் பக்கத்து நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கும், திரும்புவதும் நடந்துதான். வழியெங்கும் மோரும் பானகமும் வைத்துக்கொண்டு யாராவது நிற்பார்கள். வாங்கிக் குடிக்காமல் போனால் அவர்களுக்கு மனத்தாங்கலாகிவிடும். "நாலாயிரம் கிலோமீட்டர் போகிற பிள்ளைக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தால் குற்றமா? என்ன ஊரப்பா அது?" என்பார் ஆத்தா.

நான் விதியை விளக்கிப் பார்த்தேன். புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ரசிகன் தன் ஊருக்குள் வீரர் வரும் நேரம் தெரிந்து, சாப்பாட்டுத் தூக்கோடு சாலையில் காத்திருந்தால், அந்த ஊரில் ஆள் இல்லாத மற்ற வீரருக்கு அது அநியாயம். எல்லாருக்கும் திறந்திருப்பது மட்டும்தான் எவருக்கும் உரியது. ஆத்தா சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் நம் வீட்டுத் திண்ணையில் படுக்கலாமா?" என்று கேட்டார். படுக்கலாம். பஸ் நிழற்குடையிலும் தேவாலய வாசலிலும் அவர்கள் படுத்துக்கொள்வது அப்படித்தான். திண்ணை வழிப்போக்கர் யாருக்கும் உரியது. உறவென்று முகப்பைத் தாண்டி வளவுக்குள் கூப்பிட்டு இலை போட்டால்தான் வம்பு. இந்தப் பதிலில் ஆத்தாவுக்குப் பாதித் திருப்தி.

இதில் இன்னொரு பழைய கதையும் உண்டு. 1913 டூர் டி பிரான்ஸில் யூஜின் கிறிஸ்டோஃப் என்பவரின் சைக்கிளில் முன் சக்கரத்தைத் தாங்கும் கவை தூர்மாலே மலை இறக்கத்தில் முறிந்தது. பத்துக் கிலோமீட்டருக்கு மேல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்து, அடிவாரக் கிராமத்தில் ஒரு கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்துத் தானே பற்றவைத்தார். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த அதிகாரிகள், துருத்தியை ஒரு சிறுவன் ஊதினான் என்பதற்காகத் தண்டனை நேரம் போட்டார்கள். இதைச் சொன்ன அன்று ஆத்தா எனக்கு இரண்டாவது காபி தரவில்லை.

எனக்கென்னவோ இந்தக் கை கட்டிய நிலைதான் ரசிகனுக்கு இதில் கிடைக்கும் உண்மையான அனுபவம் என்று படுகிறது. கிரிக்கெட்டில் கைதட்டினால் அது ஆடுபவருக்குக் கேட்கும். இங்கே கேட்காது. தெரிந்துகொள்ளவும் முடியாது, உதவவும் முடியாது. அக்கறை மட்டும் பட்டுக்கொண்டிருக்கலாம். வந்தவருக்கு முதலில் தண்ணீர்ச் சொம்பை நீட்டிவிட்டுப் பிறகு பெயர் கேட்கிற ஊரில் பிறந்தவனுக்கு இது லேசில் வராது.

குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை, நின்றுபோன புள்ளி. பேட்டரி தீர்ந்திருக்கலாம், டிராக்கர் பையின் அடியில் புதைந்திருக்கலாம், ஆழமான பள்ளத்தாக்கில் வானம் மறைந்திருக்கலாம். பத்தில் ஒன்பது முறை காரணம் இவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்தாவது இருக்கிறதே. போட்டியைத் தொடங்கிய மைக் ஹால் 2017 மார்ச் 31 அன்று விடியும் முன்பு, ஆஸ்திரேலியாவில் கான்பெராவுக்கு அருகே, இந்தியன் பசிபிக் வீல் ரேஸில் இரண்டாவது இடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தபோது கார் மோதி இறந்தார். ஃப்ரீமேண்டிலிலிருந்து சிட்னி வரை ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர் கொண்ட பந்தயம் அது. முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தவர், ஹாலின் முதல் போட்டியை வென்ற அதே அலெகார்ட். போட்டியை அத்துடன் நிறுத்திவிட்டார்கள். உலகெங்கும் ரசிகர்கள் அவருடைய புள்ளி நகராததைத்தான் முதலில் பார்த்தார்கள். நான் இந்தப் பழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய கதை இது. ஆனாலும் நெடுஞ்சாலை நடுவில் ஒரு புள்ளி அசையாமல் கிடந்தால் இன்றும் எனக்குக் கை வேலை ஓடாது. இப்படிப்பட்ட கவலை ஆகாதவர்கள் இந்தப் பக்கமே வராதிருப்பது நல்லது.

மற்றவை சில்லறைக் குறைகள். தொடக்க நாளில் எல்லாப் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். சின்னத் திரையில் யாரையும் பிரித்தறிய முடியாது. முன்னணியினரைப் பற்றித்தான் செய்தியும் படமும் வரும். நடுவில் ஓட்டுபவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தமிழில் ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது. முடிவு நெருங்கும் இரவில் நீங்கள் தூங்கப் போவதில்லை. வீட்டில் பேச்சு வாங்குவீர்கள். 2020-லும் 2021-லும் பெருந்தொற்றால் போட்டியே நடக்காதபோது, ஆடி மாதம் எனக்கு வெறும் ஆடி மாதமாக இருந்தது.

விடியலில் எழ முடியாதவர்களுக்கு ஜூனில் நடக்கும் டூர் டிவைட் பொருந்தும். கனடாவின் பான்ஃபிலிருந்து அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் ஆன்டிலோப் வெல்ஸ் வரை, ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர், பெரும்பகுதி மண் சாலை. பான்ஃபில் இரவு பத்து மணி என்றால் நமக்குக் காலை ஒன்பதரை. அவர்கள் தூங்குவதையும் தூங்காமல் ஓட்டுவதையும் நாம் அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். வழி எல்லாருக்கும் ஒன்றே என்பதால் யார் முன்னே யார் பின்னே என்பதும் எளிதில் தெரியும். எனக்கு அதனாலேயே சற்று உப்புக் குறைவு. வைகாசி, ஆனி முகூர்த்த ஆர்டர்கள் குவியும் நேரம் என்பதால் முழுதாகத் தொடரவும் முடிவதில்லை.

அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும் டிரான்ஸ் ஆம் போட்டியை நான் தொடர்ந்ததில்லை. ஆனால் 2016-இல் அங்கே நடந்ததை மட்டும் புதியவர் எவரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. ஏறத்தாழ 6,800 கிலோமீட்டரில் கடைசி இரவு. முன்னணியில் இருந்த ஸ்டெஃபன் ஸ்ட்ரைக் சற்றே கண்ணயர்ந்து எழுந்து, தூக்கக் கலக்கத்தில் வந்த வழியே திரும்பி ஓட்டத் தொடங்கிவிட்டார். எதிரே வந்தவர் லேல் வில்காக்ஸ், துரத்திக்கொண்டிருந்த பெண். 18 நாளும் 10 நிமிடமும் எடுத்துக்கொண்டு வில்காக்ஸ்தான் வென்றார். இரண்டு புள்ளிகள் எதிரெதிராக வந்து சந்தித்ததைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்!

தொடங்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை: முன்னணியில் ஒருவர், நடுவில் ஒருவர், கடைசிப் பத்துப் பேரில் ஒருவர் என்று மூன்று எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாரையும் பார்க்கப் போனால் யாரும் மனதில் நிற்க மாட்டார்கள். புதிய இடம் சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் நொடிக்கு நொடி பக்கத்தைப் புதுப்பிப்பது வீண். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போதும். கடைசி நாளுக்கு மட்டும் விதிவிலக்கு.

வெற்றியாளர் வந்ததும் பக்கத்தை மூடிவிடுகிறார்கள் பலர். அப்போது பாதிக்கும் மேற்பட்ட புள்ளிகள் இன்னும் மலைகளில் இருக்கும். கூடத்து அக்கா போன ஆடியில் தேர்ந்தெடுத்தது கடைசியிலிருந்து மூன்றாவது எண், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. போட்டியின் கெடு முடிந்து, மாலை விருந்தும் நடந்தேறி, முடிவுப் பட்டியலும் வெளியான பிறகும் அந்தப் புள்ளி ருமேனியாவில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வீதம் வந்துகொண்டிருந்தது. ஆவணி முகூர்த்தத்துக்கு அதிரச மாவு இடிக்கத் தொடங்கிய அன்றும் அக்கா விடவில்லை. "நம் ஆள் எதுவரை வந்திருக்கிறார், பார்த்துச் சொல்லுங்கள் தம்பி."