யூரியா விசிறும் முன் ஒரு பார்வை: இலை வண்ண அட்டை பற்றிய மதிப்பீடு

நெற்பயிருக்கு மேலுரமாக, அதாவது வளரும் பயிருக்குத் தூவும் உரமாக, யூரியாவை எப்போது இடுவது என்று தீர்மானிக்க உதவும் இலை வண்ண அட்டை, உரக்கடைகளின் முகப்பில் அடுக்கி வைக்கப்படும் பொருள் அன்று. கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். பல கடைகளில் கேட்டாலும் கிடைப்பதில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆசிய நாடுகளில் பரப்பிய இந்த நெகிழி அட்டையில், மஞ்சள் கலந்த வெளிர்பச்சையில் தொடங்கிக் கரும்பச்சையில் முடியும் வண்ணப் பட்டைகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. முதலில் வந்தவற்றில் ஆறு பட்டைகள் இருந்தன; பின்னர் ஓரங்களில் இருந்த இரண்டை நீக்கி, 2 முதல் 5 வரை எண்ணிட்ட நான்கு பட்டைகளோடு ஓர் அட்டையை வெளியிட்டார்கள். நல்ல அட்டையைத் தடவிப் பார்த்தால் பட்டைகளின் மேல் நெல் இலையின் நரம்புகளைப் போன்ற மெல்லிய வரிகள் விரலுக்குத் தட்டுப்படும். வெளிச்சம் இலையின் மீது படுவதைப் போலவே அட்டையின் மீதும் பட வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. வழவழப்பான தாளில் அச்சிட்ட நகல்கள் முதலில் தோற்றுப்போவதும் அந்த இடத்தில்தான்.

பயன்படுத்தும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தெளிவாக வகுத்திருக்கிறது. நடவு வயலில் 14 ஆம் நாளிலும், நேரடி விதைப்பில் 21 ஆம் நாளிலும் தொடங்கி, கதிர் வெளிவரும் வரை வாரம் ஒருமுறை காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் வயலில் இறங்க வேண்டும். மேலிருந்து மூன்றாவதாக உள்ள, முழுவதும் விரிந்த இலையைப் பத்து இடங்களில் தேர்ந்துகொண்டு அட்டையோடு ஒப்பிட வேண்டும். யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் இலை வெளிறும் என்பதே இதன் அடிப்படை. வெள்ளைப் பொன்னி போன்ற, தழைச்சத்து அதிகம் தேவைப்படாத இரகங்களுக்கு 3, மற்ற இரகங்களுக்கும் வீரிய ஒட்டு நெல்லுக்கும் 4 என்பது வரம்பு. பத்தில் ஆறு இலைகள் அந்த வரம்புக்குக் கீழே வெளிறியிருந்தால் உரமிடலாம், இல்லையேல் கரையேறிவிடலாம்.

எழுதிப் பார்க்கும்போது எளிதாகத் தோன்றும் இந்த முறையில் கைப்பழக்கம் தேவைப்படும் இடங்களும் உண்டு. இலையைக் கிள்ளக் கூடாது. செடியில் இருந்தபடியே அதன் நடுப்பகுதியைப் பட்டையின் மேல் படியவைக்க வேண்டும். வெயில் நேராக விழுந்தால் எல்லா இலையும் வெளிறியதாகவே தெரியும் என்பதால், சூரியனுக்கு முதுகைக் காட்டி, நம் நிழல் இலையின் மீதும் அட்டையின் மீதும் ஒருசேர விழும்படி நிற்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது. சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் சிலர் இருப்பதால், வீட்டில் வேறொருவரிடம் அட்டையைக் கொடுத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்வதில் தவறில்லை.

இந்த அட்டையின் பலம், அது ஒரு பழக்கத்தின் குறுக்கே போய் நிற்பதில் இருக்கிறது. மேலுரம் இடும் நாளை நம் ஊர்களில் மூன்று காரணங்கள் முடிவு செய்கின்றன: நட்டு எத்தனை நாளாயிற்று என்ற கணக்கு, கடையில் மூட்டை வந்திருக்கிறதா என்ற செய்தி, பக்கத்து வயலின் நிறம். கருகருவென்று பச்சை கட்டிய பயிர்தான் நல்ல பயிர் என்ற எண்ணம் ஊறிப்போயிருப்பதால், வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மூட்டை விழுந்தால் இந்தப் பக்கமும் ஒன்று விழுந்தாக வேண்டும் என்ற நிலை. அட்டை யாருக்கும் தண்டம் விதிப்பதில்லை, மானியமும் தருவதில்லை, மண்ணியல் பாடமும் நடத்துவதில்லை. பார்த்துவிட்டு விசிறு என்ற ஒரே ஒரு விதியைக் கையில் கொடுத்து, அண்டை வயலின் பச்சையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்த கண்ணை நம் வயலின் இலைக்குத் திருப்பிவிடுகிறது.

இவ்வளவு சிறிய தூண்டுதலுக்குப் பலன் இருக்குமா என்ற ஐயம் நியாயமானதே. வங்கதேசத்தில் நெல் விவசாயிகளில் ஒரு பகுதியினருக்குக் குலுக்கல் முறையில் இந்த அட்டையைக் கொடுத்து, கொடுக்கப்படாதவர்களோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. அட்டை பெற்றவர்களின் வயல்களில் யூரியா சராசரியாக 8 சதவீதம் குறைந்தது. விளைச்சல் 7 சதவீதம் கூடியது. உரத்தின் அளவைவிட அதை இடும் காலமே பெரிய ஓட்டை என்பதை இது காட்டுகிறது. வேர் பிடிக்காத பயிருக்கு முன்கூட்டியே கொட்டும் யூரியாவில் பெரும்பகுதி காற்றோடும் நீரோடும் போய்விடுகிறது. அதில் ஒரு சிறு பங்கு, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடாக மாறுகிறது.

பணத்தை மட்டும் கணக்கிட்டால் அட்டை பெரிதாக மிச்சம் பிடித்துத் தராது என்பதையும் சொல்ல வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டை ரூ.266.50 க்கு விற்கப்படும் நாட்டில், அரை மூட்டையைக் குறைத்தால் ஒரு வேளை ஆள்கூலிகூடத் தேறாது. மிச்சம் வேறு வழியில் வருகிறது. தழைச்சத்து மிகுந்த பயிரைத் தேடித்தான் இலைச்சுருட்டுப்புழுவும் புகையான் பூச்சியும் வருகின்றன. குலைநோய் அங்கேதான் வேகமாகப் பரவுகிறது. அறுவடைக்கு முன் ஒரு மழை அடித்தால் முதலில் சாய்வதும் அந்தப் பயிர்தான். மருந்துச் செலவையும் சாய்ந்த பயிரை அறுக்கும் கூடுதல் இயந்திர வாடகையையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே அட்டையின் மதிப்பு விளங்கும்.

அரசும் இதே நோக்கத்தோடு வேறொரு உத்தியைக் கையாண்டது. விவசாயிகள் கிலோவில் கணக்கிடாமல் மூட்டையில் கணக்கிடுகிறார்கள் என்பதைக் கவனித்து, 2018 இல் 50 கிலோ மூட்டையை 45 கிலோவாகக் குறைத்தது. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், ஆனால் அது தேவையுள்ள வயலுக்கும் தேவையற்ற வயலுக்கும் ஒரே அளவாகக் குறைக்கிறது. மேலும், செய்தி தெரிந்தவர் பக்கத்து மூட்டையிலிருந்து இரண்டு படி அள்ளிச் சேர்த்துவிட முடியும். வயலைப் பார்த்துப் பேசும் கருவி என்ற வகையில் எனக்கு அட்டையின் மீதுதான் நம்பிக்கை.

குறைகள் இல்லாமல் இல்லை. அட்டைக்குத் தெரிந்தது நிறம் மட்டுமே, காரணம் தெரியாது. துத்தநாகக் குறைபாட்டாலோ, கந்தகக் குறைபாட்டாலோ, தண்ணீர் தேங்கி வேர் அழுகியதாலோ, துங்ரோ நோயாலோ இலை மஞ்சளடித்திருந்தாலும் அது யூரியா இடு என்றே சொல்லும். ஆகவே வயலில் பயிர் திட்டுத்திட்டாக வெளிறியிருந்தால் அட்டையை மடியில் செருகிக்கொண்டு, முதலில் வேளாண் அலுவலரிடம் காட்டுவதே முறை. உரமிடுவதை ஒப்பந்த ஆட்களிடம் விட்டுவிடுபவர்களுக்கும் இது பயன்படாது; பார்ப்பவர் ஒருவர், விசிறுபவர் வேறொருவர் என்றால், ஆள் வரும் நாளே உரம் போடும் நாளாகிவிடும். அட்டையைப் படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்வது வீண். திரைக்குத் திரை பச்சை மாறும்.

இதை எங்கே, எப்போது கொடுக்கிறார்கள் என்பதிலும் யோசனை போதவில்லை. மேற்குக் கென்யாவில் அறுவடைப் பணம் கையில் இருக்கும்போதே குறுகிய காலச் சிறு சலுகையோடு உரத்தை விற்றபோது, பருவத்தின் நடுவே தரும் பெரிய தள்ளுபடிக்கு நிகரான பலன் கிடைத்ததாக 2011 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அங்கே சிக்கல் உரம் குறைவாக இடுவது, இங்கே மிகையாக இடுவது என்றாலும், நேரம் பார்த்துத் தட்டினால் கதவு திறக்கும் என்பது இரண்டுக்கும் பொருந்தும். கண்காட்சிகளில் பையில் போட்டு வழங்கப்படும் அட்டை பரணுக்குப் போகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் ஆதார் எண்ணைச் சொல்லிக் கைரேகை வைத்து மூட்டையைப் பெறும் அந்தச் சில நிமிடங்களில், இரகத்துக்குரிய வரம்பு எண்ணைப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தால் அது வயலுக்குப் போக வாய்ப்பு அதிகம்.

சொந்தமாக வயலில் இறங்கி, தானே மேலுரம் இடும் சிறு விவசாயி தயங்காமல் வாங்கலாம். விலை ஒரு மூட்டை யூரியாவின் விலைக்குள் அடங்கிவிடும். வரிமேடுகள் இல்லாத வழவழப்பான நகலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டுப் பாருங்கள். வெயில் படும் இடத்தில் தொங்கவிட்டால் பட்டைகள் வெளுத்துப்போகும் என்பதால் உறையிலேயே வைத்திருங்கள். நிறம் மங்கியதாகத் தோன்றினால் புதிதாக ஒன்றை வாங்கிவிடுங்கள்.